அம்மா இரண்டு முறை திரும்பி வந்தாள்

எங்கள் ராமேஸ்வரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஊர் திரும்பினால் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, "என்ன கொண்டு வந்தே?" என்றுதான். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் என்று இந்தக் கடலோரம் நெடுகிலும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது கடினம். அதற்கு முன்பு பர்மா, மலேயா, சிலோன். பெட்டி பிரிக்கிற அன்று தெருப்பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டு வாசலில்தான் நிற்கும். கோடாலித் தைலம், டார்ச் லைட், சென்ட், சாக்லேட். நானும் அப்படி நின்றவள், அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் 2025 மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குப் போய்த் திரும்பிய பிறகு நான் யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை. வேறொன்று கேட்கிறேன். அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அம்மா பிறந்தது பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவளுடைய பாட்டன் முசிறிப் பக்கத்திலிருந்து கங்காணியோடு போனவர். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த மீதியை 1974இல் இரண்டு நாடும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

தாத்தா இந்தியாவுக்கு மனுப்போட்டார். பெரியம்மாவை அதற்குள் வேறு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர் புகுந்த வீட்டார் இலங்கைக்கு மனுப்போட்டிருந்தார்கள். அப்படி ஒரே வீட்டில் அக்கா அந்த நாட்டுக்காரி, தங்கை இந்த நாட்டுக்காரி. 1973, 74 வாக்கில் தோட்டங்களில் பஞ்சம். மாவும் அரிசியும் கிடைக்காமல் ஜனங்கள் பட்டினி கிடந்த காலம் அது. தாத்தா 1974இல் பெட்டியைக் கட்டினார். அம்மாவுக்கு அப்போது பதினேழு வயது.

ஹட்டனில் ஏறி, பொல்காவலை, அனுராதபுரம் வழியாகத் தலைமன்னார் துறை வரை ரயில். மலையகத்தில் அதை அழுகைக் கோச்சி என்பார்கள். ரயிலில் ஏறியவர்களும் மேடையில் நின்றவர்களும் அழுத அழுகையில் வந்த பெயர். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால் கப்பல் அப்போது ராமேஸ்வரத்துக்கு வந்துகொண்டிருந்தது. இங்கே கரையேறியவர்களை ரயிலேற்றி, பாம்பன் பாலம் தாண்டி மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெயரைப் பதிந்து, யார் எந்த ஊருக்கு என்று பிரித்து அனுப்பினார்கள். நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சிலர், நூற்பாலைகளுக்குச் சிலர், தொழில் கடன் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குச் சிலர்.

தாத்தா முசிறிக்குப் போனார். அங்கே அவரை யாருக்கும் தெரியவில்லை. கடன் பணம் ஒரு தரகர் கையில் கரைந்தது. வேறு வழியில்லாமல், தெரிந்த ஒரே ஊர் என்று ராமேஸ்வரத்துக்கே வந்து வண்டி இழுத்தார். அப்பா துறையில் மூட்டை தூக்கியவர். அம்மாவைக் கட்டிக்கொண்டார். 1984இல் கப்பல் நின்றது, அப்பாவின் வேலையும் நின்றது. இவ்வளவும் எனக்குத் தெரியும். வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்ட கதை. வந்த பெட்டியில் என்ன இருந்தது என்பது கூடத் தெரியும்: இரண்டு பித்தளைக் குடம், ஒரு கம்பளி, தாத்தாவின் கவ்வாத்துக் கத்தி, காயிதத்தில் பொதிந்த தேயிலை.

பெரியம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, போனில் சொன்னதும், நான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த சமயமாகப் பார்த்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் எதிர்க்கரை தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ஆனால் அங்கே நேராகப் போகக் கப்பல் இல்லை. நாங்கள் விமானத்தில் போனோம். கட்டுநாயக்கவில் இறங்கி, அங்கிருந்து மலைக்கு ஏற வேண்டும். அக்காவும் தங்கையும் ஐம்பது வருடம் கழித்துப் பார்த்துக்கொண்டதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது அவர்களுடையது. திரும்பி வந்ததைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

கிளம்பிய அன்று விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. பெரியம்மா லயத்து வீட்டின் இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரொட்டியும் கட்டசம்பலும் கட்டிக்கொடுத்தார்கள். அண்ணன் இரண்டு கிலோ தேயிலைத் தூளும் கித்துல் கருப்பட்டியும் கொண்டுவந்து பையில் திணித்தார். பஸ் ஹட்டனிலிருந்து இறங்கி கினிகத்தேனை வளைவுகளில் திரும்பும்போது முன்னால் ஒரு லாரி சாய்ந்து கிடந்தது. பாதையைச் சரிசெய்து விடும் வரை மழையில் நின்றோம். அம்மாவுக்கு வாந்தி. எனக்கு விமானம் போய்விடுமே என்ற பயம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி ஒன்றும் கேட்காமல் தன் கைக்குட்டையில் எலுமிச்சம்பழம் சுற்றிக் கொடுத்தார். அம்மா அவரோடு சிங்களத்தில் பேசினாள். என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் அம்மாவின் வாயில் சிங்களம் கேட்டேன். தடுமாறாமல், சிரித்துக்கொண்டு, என்னிடம் பேசுகிற குரலைவிடச் சின்னப் பெண்ணின் குரலில் பேசினாள்.

விமானமும் தாமதம், அதனால் பிழைத்தோம். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். மன்னாரும் தெரியவில்லை, ராமர் பாலத்து மணல்திட்டுகளும் தெரியவில்லை, எல்லாம் மேகம். "அப்ப தோட்டத்துலேருந்து முகாம் வர மூணு நாளு ஆச்சு. இது என்ன, ஒரு தண்ணி குடிக்கிறதுக்குள்ள எறக்கி விடுறான்" என்றாள். குரலில் நிம்மதி இல்லை.

இறங்கிய விமான நிலையத்தில் குடியேற்ற மேசையில் இருந்தவர் சின்ன வயதுக்காரர். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்ற வரியைப் பார்த்தார். ஏறிட்டு அம்மாவைப் பார்த்தார். "இலங்கையில பொறந்தீங்களா? அப்புறம் எப்படிம்மா இந்தியன் பாஸ்போர்ட்?" என்று கேட்டார். கேட்டது அவர் வேலை. மரியாதையாகவே கேட்டார். ஆனால் அம்மாவின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே அந்தக் காலத்துக் குடும்ப அட்டை, கண்டியில் இருந்த இந்திய அலுவலகம் கொடுத்தது. மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டி வைத்த அட்டை. அதை அவர் விரித்துப் பார்ப்பதற்குள் அம்மா அட்டையின் எண்ணைச் சொன்னாள். பார்க்காமல், ஒரு எழுத்து பிசகாமல். பிறகு கப்பலேறிய தேதி, தாத்தா பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன் எல்லாம் வரிசையாகச் சொன்னாள். பள்ளியில் வருகைப் பதிவின்போது பிள்ளைகள் எழுந்து நிற்பார்களே, அப்படி நின்றுகொண்டு சொன்னாள்.

அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். வந்தவர் அட்டையை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "சாஸ்திரி ஒப்பந்தம்" என்று இளையவரிடம் சொல்லிவிட்டு, "போங்கம்மா, ஒண்ணுமில்ல" என்றார். முத்திரை விழுந்தது.

எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது, ஆதார் இருக்கிறது. அம்மா ஓட்டுப் போடாத தேர்தல் கிடையாது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த எண்ணை அவள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள் என்றால், யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று இத்தனை வருடமும் காத்திருந்தாள் என்றுதான் அர்த்தம். அதிகாரிகள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு மனுஷியை அப்படிக் காத்திருக்க வைத்த ஏற்பாட்டின் மேல் கோபம் இன்றுவரை தீரவில்லை.

அது முடிந்தால் பெட்டி வரவில்லை. தேயிலை இருந்த பை எங்கோ தங்கிவிட்டது. எழுதிக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்து, மானாமதுரை வந்து, ராமேஸ்வரம் போகிற பாசஞ்சரைப் பிடித்தோம். கூட்டம் இல்லை. பரமக்குடியில் டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுவும் டீயா" என்று அம்மா சொன்னபோதுதான் அன்றைக்கு முதல் தடவையாக நாங்கள் சிரித்தோம். ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி, பனைமரங்கள். காற்றில் உப்பு வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மண்டபத்தில் வண்டி நெடுநேரம் நின்றது. முகாம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு இலங்கைப் போருக்குப் பயந்து வந்தவர்களின் முகாம். அதற்கு முன்னால் அது அம்மாவைப் போன்றவர்களுக்கான இடம். அதற்கும் முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில், தோட்டத்துக்குப் போகிறவர்களைக் காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்க்க அடைத்துவைத்த இடம். இந்திய மண்ணில் அதை நடத்தியது இலங்கை அரசு. போகிறவர்களையும் வருகிறவர்களையும் தப்பி வருகிறவர்களையும் அதே மணலில்தான் வரிசையில் நிற்கவைத்து எண்ணியிருக்கிறார்கள்.

நான் சும்மா பேச்சுக்காகத்தான் கேட்டேன். "முகாமுக்கு வந்தப்ப கொண்டுவந்த சாமான் எல்லாம் சரியா வந்துச்சாம்மா?"

"சாமான் வந்துச்சு. தம்பியத்தான் விட்டுட்டு வந்தோம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. மாமா ஒருவர்தானே, அவர் கூடத்தானே வந்தார் என்றேன்.

அதற்குப் பிறகு அம்மா சொன்னது இது. இந்தியா வருவதற்கு முந்தின வருடம் அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். மூன்று வயது. பஞ்சத்தில் வயிற்றுப்போக்கு கண்டு இறந்துபோனான். பத்தாம் நம்பர் மலைக்கு மேலே, சவுக்கு மரங்கள் நின்ற மேட்டில் புதைத்தார்கள். பேர் பதிந்த காகிதத்தில் அவன் பெயர் இருந்தது. குடும்ப அட்டையில் அவன் பெயரின் மேல் கோடு போட்டிருக்கிறது. கப்பலேறும் வரை பாட்டி, "அவன மட்டும் தனியா விட்டுட்டு நான் வரமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். முகாமில் பெயர் கூப்பிட்ட எழுத்தர் கோட்டைக் கவனிக்காமல் அவன் பெயரையும் கூப்பிட்டாராம். பாட்டி, "வரலைங்க" என்று பதில் சொன்னாளாம். வேறொன்றும் சொல்லவில்லையாம்.

அதற்கு முந்தின வாரம் பெரியம்மா வீட்டில் இருந்தபோது, ஒரு காலையில் அம்மாவும் அண்ணனும் மலைக்குப் போய்விட்டு நேரம் கழித்து வந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். சேறு படிந்த சேலையோடு வந்தாள். பழைய சிநேகிதி வீட்டுக்குப் போனதாகச் சொன்னாள். மேட்டில் புதுத்தேயிலை நட்டிருக்கிறார்கள் என்றும், சவுக்கு ஒன்றே ஒன்று நிற்கிறது என்றும், பெரியம்மா நடக்க முடிகிற வரைக்கும் வருடா வருடம் அங்கே விளக்கு வைத்திருக்கிறார் என்றும் மண்டபத்தில் வண்டி நின்றிருந்த நேரத்துக்குள் சொல்லி முடித்தாள்.

"ஏம்மா இத்தனை நாளா சொல்லல?" என்றேன்.

"யாரு கேட்டா, புள்ள?" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. உண்மையாகவே யாரும் கேட்டதில்லை. முசிறியில் கேட்டது எவ்வளவு பணம் கொண்டுவந்தீர்கள் என்று. ராமேஸ்வரத்தில் கேட்டது சிலோன் சோப்பு இருக்கிறதா, தேங்காய் எண்ணெய் இருக்கிறதா என்று. பள்ளிக்கூடத்தில் என்னைச் சிலோன்காரி மகள் என்பார்கள். அவர்களும் கேட்டதில்லை.

வண்டி நகர்ந்து புதுப்பாலத்தில் ஏறியது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறிக் கப்பலுக்கு வழிவிடும். பக்கத்திலேயே 1914இல் கட்டிய பழைய பாலம் நின்றது. அம்மா முதல் முறை தாண்டியது அதில். தென்பக்கம் குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் மேல்நாட்டுப் பயணம் முடித்து, கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாகப் பாம்பனில் அந்தக் குந்துகாலில்தான் இறங்கினார். கரையில் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி காத்திருந்தார். வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களும் மன்னருமே இழுத்தார்கள். வருடா வருடம் என் வகுப்பில் இதை உணர்ச்சியோடு சொல்லிக்கொடுக்கிறேன், இனியும் சொல்லிக்கொடுப்பேன். ஊர் திரும்புகிறவரை இந்தக் கரை எப்படி வரவேற்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. எல்லாருக்கும் மன்னர் வர வேண்டாம். "எப்படிம்மா இருக்கே, அங்க யார விட்டுட்டு வந்தே?" என்று கேட்க ஒரு ஆள் போதும். அம்மாவைப் போல் வந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த ஓர் ஆள் இருந்தாரா என்று தெரிந்துகொள்ள நான் பாடப்புத்தகத்தில் தேடியிருக்கிறேன். எழுத்தர் இருக்கிறார், மருந்து தெளிக்கிறவர் இருக்கிறார், தரகர் இருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலத் தெருவே வந்தது. பெட்டி வரவில்லை என்று சொன்னதும் எல்லாருக்கும் எங்கள்மேல் இரக்கம். மூன்று நாள் கழித்துப் பை வந்தது. கருப்பட்டி உடைந்து துணியெல்லாம் பிசுக்கு. தேயிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வீடு வீடாகக் கொடுத்தாள்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாளில் எங்கள் எதிர் வீட்டுத் தம்பி வளைகுடாவிலிருந்து திரும்பினான். ஏசி குழாய் வேலை. கம்பெனி படுத்துவிட்டது என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தான். ஒரே ஒரு பெட்டி. தெரு கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் பகலில் வெளியே வருவதையே விட்டுவிட்டான். ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் இருந்தவனிடம், "தம்பி, அங்க என்னத்தப்பா விட்டுட்டு வந்தே?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அறையில் கூட இருந்த நேபாளத்து அண்ணன் ஒருவரைப் பற்றிச் சொன்னான். இவனுக்குக் காய்ச்சல் வந்தபோது வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவர். டிக்கெட் இல்லாமல் அவர் அங்கேயே மாட்டிக்கொண்டாராம். அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவன், கடைசியில்தான் தன் விஷயத்துக்கு வந்தான். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அதை வீட்டில் சொல்லவே இல்லை. சொன்னால் ஏமாந்துவிட்டு வந்தான் என்பார்களே என்று பயம்.

பாக்கிச் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை, வந்த பிறகும் கேட்கலாம் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கும் அப்போதுதான் தேடித் தெரிந்தது. கிளம்பும் முன் அங்கே நம்பிக்கையான ஒருவருக்கோ வழக்கறிஞருக்கோ பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக்கொடுத்துவிட்டு வந்தால் வழக்கு அவர் மூலம் நடக்கும். அது இல்லாவிட்டாலும் வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய மதத் இணையதளத்தில் புகார் பதியலாம், அது தூதரகத்துக்குப் போகும். சம்பளச் சீட்டு, விசா நகல், கம்பெனி அடையாள அட்டை என்று ஒரு தாள் விடாமல் வைத்திருக்க வேண்டும். தம்பியிடம் பாதித்தாள்தான் இருந்தது. இருப்பதை வைத்துப் பதிந்திருக்கிறோம். நேபாளத்து அண்ணனுக்கும் அவர் நாட்டுத் தூதரகத்தின் எண்ணைத் தேடி அனுப்பினான். இப்போது பகலில் வெளியே வருகிறான்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் வாட்ஸ்அப்பில் பெரியம்மாவோடு பேசுகிறாள். பாதி நேரம் இரண்டு பேரும் முட்டிவலியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சவுக்கு மரத்தடியில் ஒரு கல் நட அண்ணன் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறார், பதில் வரவில்லை. கல் நடும்போது தான் அங்கே இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். விமானம் வேண்டாமாம், கப்பல்தானாம். ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் விடுவதாக இரண்டு அரசுகளும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. அதற்குக் காத்திருக்க அம்மாவின் வயது இடம்கொடுக்காது. 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் கப்பல் விட்டுவிட்டு ஓடுகிறது, நாலைந்து மணி நேரத்தில் காங்கேசன்துறை. அங்கிருந்து ரயிலில் பொல்காவலை வரை வந்து, மலைநாட்டு ரயிலுக்கு மாறினால் ஹட்டன். அம்மா முதல் முறை வந்த பாதையில் ஒரு பங்கு அதில் எதிர்த்திசையில் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும்போது கப்பல் நிற்கும் என்பதால் தை பிறந்த பிறகுதான் டிக்கெட் போட முடியும். அதற்குள் அம்மாவின் முட்டிக்கு வைத்தியம் பார்த்தாக வேண்டும். அந்த மேடு நல்ல ஏற்றமாம்.